மீன் தொட்டிக்குக் குழல்விளக்குகள் பொருத்தும் முறை

கமக்காரருள் பலர் நெல் வயலோடும் காய்கறித் தோட்டத்தோடும் நின்றுவிடாது, வீட்டு வளவிலே சீமெந்துத் தொட்டிகள் கட்டி அலங்கார மீன்களை வளர்த்து மேலதிக வருவாய் பெற்று வருகின்றனர். கப்பி, மொலி, பிளற்றி முதலிய மீன்கள் வெளித் தொட்டிகளிலே பகல் வெளிச்சத்தில் நன்கு வளரும். ஆயின், விற்பனைக்கெனத் தெரிந்தெடுத்த மீன்களையும் நீர்ச்செடிகளையும் வீட்டினுள்ளே கண்ணாடித் தொட்டியில் வைப்பவர்க்கு விளக்கு இன்றியமையாததாகும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் இனச் செடிகள் சில உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படுவன. அவை இயற்கையில் மரநிழல் படிந்த ஓடைகளில் வளர்வனவாகையால் அளவான ஒளியே அவற்றுக்குப் போதும். அவ்வளவான ஒளியைக் குழல்விளக்கு இரண்டினாற் கொடுக்கலாம்.

இன்று புதிதாக விளக்கு வாங்குவோர் எல்.ஈ.டி. விளக்கையே வாங்குதல் சிக்கனமானது. எனினும் பழைய குழல்விளக்குச் சட்டங்கள் இன்னும் பல வீடுகளிலே பயன்பட்டு வருகின்றன. அவற்றைத் திருத்துவோரும், வீணே கிடப்பவற்றை எடுத்து மீன் தொட்டிக்கு மேலே பொருத்துவோரும் உளர். நீரும் மின்சாரமும் அடுத்தடுத்து நிற்கும் இவ்விடத்திலே சிறு பிழையும் உயிருக்கு ஊறு விளைக்கும். ஆகையால், இவ்வேலையைச் செய்யும் சரியான முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

குழல்விளக்கு எரியும் விதம்

குழல்விளக்கினுள்ளே ஆகன் போன்ற வாயுவும் மிகச் சிறிதளவு இரசமும் உள்ளன. அதன் இரு நுனிகளிலும் சிறு இழைகள் இருக்கின்றன. குழலினூடாக மின் பாயும்போது இரச ஆவி கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த கதிர்களை வெளிவிடுகின்றது. குழலின் உட்புறத்திற் பூசப்பட்ட வெண்ணிறப் பொடி அக்கதிர்களை ஏற்று, நாம் காணும் ஒளியாக மாற்றுகின்றது.

சாதாரண மின்குமிழை நேரே மின்கம்பியோடு இணைக்கலாம். குழல்விளக்கை அவ்வாறு இணைத்தல் ஆகாது. குழலினூடாக மின் பாயத் தொடங்கியதும் அதன் தடை குறையும். தடை குறையவே மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடவே தடை மேலும் குறையும். தடுப்பார் இல்லாவிடில் கணப்பொழுதில் குழல் எரிந்து அழிந்துவிடும். குளத்து நீரை வாய்க்காலில் அளவாக விடுதற்குத் துருசு இருப்பதுபோல, குழலுக்குள் செல்லும் மின்னோட்டத்தை அளவாக விடுதற்கு ஒரு கருவி வேண்டும். அதுவே நிலைப்படுத்தி, கடைகளிலே இதனைச் சோக் என்பர். இரும்புத் தகடுகளின்மேல் செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருளே இது.

குழலைத் தொடக்கி வைப்பது ஸ்ராட்டர் ஆகும். சிறு குப்பி போன்ற அதனுள்ளே வெப்பத்தால் வளையும் உலோகத் தகடு ஒன்று உண்டு. ஆளியைப் போட்டவுடன் ஸ்ராட்டரில் மெல்லிய ஒளி தோன்றும். அச்சூட்டினால் தகடு வளைந்து மின்சுற்றை மூடும். அப்பொழுது மின்னோட்டம் குழலின் இழைகளினூடே சென்று அவற்றைச் சூடாக்கும். சிறிது நேரத்தில் தகடு ஆறி விலகும். விலகும் அக்கணத்தில் சோக்கிலே பல நூறு உவோற்று அழுத்தம் திடீரென எழுந்து குழலைப் பற்றவைக்கும். பற்றிய பின் குழலின் இரு நுனிகளுக்கும் இடையிலுள்ள அழுத்தம் மிகக் குறைந்துவிடுவதால் ஸ்ராட்டர் மீண்டும் தொழிற்படாது ஓய்ந்திருக்கும்.

ஒரு சோக்கும் இரு குழல்களும்

2 அடி நீளமான 18 உவாற்றுக் குழல் எரியும்போது அதற்குக் குறுக்கே நிற்கும் அழுத்தம் ஏறக்குறைய 57 உவோற்று. அதனூடு செல்லும் மின்னோட்டம் ஏறக்குறைய 0.37 அம்பியர். 4 அடி நீளமான 36 உவாற்றுக் குழலுக்கோ ஏறக்குறைய 103 உவோற்றும் 0.43 அம்பியரும் ஆகும். 2 அடிக் குழல்கள் இரண்டினை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் அவை இரண்டுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 114 உவோற்று வேண்டும். இது 4 அடிக் குழலின் அளவை ஒத்ததே. ஆகையால், நம் நாட்டின் 230 உவோற்று மின்சாரத்தில், 36 உவாற்றுக்கான ஒரே சோக்கினைக் கொண்டு 18 உவாற்றுக் குழல்கள் இரண்டினை எரிக்கலாம். இதனால் ஒரு சோக்கின் விலையும், அது வீணே சூடாக்கிச் செலவிடும் மின்சாரமும் மிஞ்சும்.

இங்கு மூன்று விதிகளை மறவாது கைக்கொள்ளல் வேண்டும்.

1. குழல்கள் இரண்டும் ஒரே நீளமும் ஒரே உவாற்றும் உடையனவாய் இருத்தல் வேண்டும்.

2. குழல்களை ஒன்றன்பின் ஒன்றாகவே தொடுத்தல் வேண்டும். பக்கம் பக்கமாக, இரண்டினதும் நுனிகளை ஒன்றாய்ச் சேர்த்து ஒரு சோக்குடன் இணைத்தால் ஒரு குழல் மாத்திரமே எரியும். முதற்குழல் பற்றியவுடன் அழுத்தம் 57 உவோற்று அளவுக்கு இறங்கிவிடுவதால் மற்றது பற்றமாட்டாது.

3. குழல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்ராட்டர் வேண்டும். அவை தொடரிணைப்புக்கென ஆக்கப்பட்டவையாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது விதியைக் கைக்கொள்ளாது நானே இடர்ப்பட்டதுண்டு. முதன்முறை இவ்வாறு விளக்குப் பூட்டியபோது, கடையிலே கிடைத்த பொதுவான ஸ்ராட்டர்களையே போட்டேன். குழல்கள் எரியவில்லை. குழல்கள் பழுதென எண்ணிப் புதியன இரண்டு வாங்கினேன்; அவையும் எரியவில்லை. பின்னரே காரணம் விளங்கிற்று. பொதுவான ஸ்ராட்டர் 220 முதல் 240 உவோற்று வரையான அழுத்தத்துக்கு ஆக்கப்பட்டது. இரு ஸ்ராட்டர்கள் தொடராய் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் அதிற் பாதியே கிடைக்கும். அவ்வழுத்தத்தில் அது தொழிற்படாது. தொடரிணைப்புக்குரிய ஸ்ராட்டரின் மேல் 4 முதல் 22 உவாற்று என்றும், தனிக் குழலுக்குரியதன் மேல் 4 முதல் 65 உவாற்று என்றும் பெரும்பாலும் பொறித்திருக்கும். வாங்கும்போது இதனை வாசித்துப் பார்த்து வாங்குக.

வேண்டிய பொருள்கள்

18 உவாற்றுக் குழல்கள் 2, 36 உவாற்றுச் சோக் 1, தொடரிணைப்பு ஸ்ராட்டர்களும் அவற்றின் தாங்கிகளும் 2, றப்பர் வளையத்துடன் கூடிய, ஈரம் புகாத குழற் பிடிப்புகள் 4, மூன்று கம்பி கொண்ட இணைப்பு வடம், ஆளி 1, 3 அம்பியர் உருகி இட்ட மூன்று முனைச் செருகி 1, கம்பிகளை இறுக்கும் இணைப்புக் கட்டைகள், பெட்டிகள் 2.

2 அடிக் குழலுக்கு இரு புறமும் பிடிப்புகள் வருவதால் தொட்டி 2½ அடி நீளமாக இருத்தல் வசதியாகும். 2½ அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் கொண்ட தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய 88 இலீற்றர் நீர் கொள்ளும். நீரின் பாரம் மாத்திரம் 88 கிலோகிராம் ஆகையால், தொட்டியை ஆட்டமற்ற உறுதியான மேசையில் வைத்தல் வேண்டும்.

இணைக்கும் முறை

முதலிற் குழல்களை மூடியினுள்ளே தொட்டியின் நீளப்பாட்டுக்குப் பொருத்துக. குழல்களுக்கும் நீருக்கும் இடையே ஒரு கண்ணாடித் தகட்டை இடுக. நீராவியும் மீன் துள்ளும்போது தெறிக்கும் நீரும் பிடிப்புகளில் படாதிருத்தற்கு இது அவசியமாகும்.

சோக்கினை மூடியினுள்ளே வைத்தல் கூடாது. அது எரியும்போது மிகவும் சூடாகும். ஈரமும் அதனைப் பழுதாக்கும். தொட்டிக்கு அப்பால், சுவரிலோ உலர்ந்த பலகையிலோ காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில், நீர்மட்டத்துக்கு மேலாக அதனைப் பொருத்துக. ஸ்ராட்டர்களை மற்றொரு மூடிய பெட்டியிலே வைக்கலாம்.

குழல் ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு முனைகள் உண்டு. ஆகவே இரு குழல்களுக்கும் எட்டு முனைகளாகும். இனி இணைப்பைப் படிப்படியாகச் செய்க.

1. செருகியிலிருந்து வரும் உயிர்க்கம்பியை ஆளியின் ஒரு பக்கத்துக்குக் கொடுக்க.

2. ஆளியின் மறுபக்கத்திலிருந்து சோக்கின் ஒரு முனைக்குக் கம்பி இடுக.

3. சோக்கின் மறுமுனையிலிருந்து முதற்குழலின் இடது நுனியிலுள்ள ஒரு முனைக்குக் கம்பி இடுக.

4. அதே இடது நுனியின் மற்ற முனையை முதலாம் ஸ்ராட்டரின் ஒரு பக்கத்துக்கும், ஸ்ராட்டரின் மறுபக்கத்தை முதற்குழலின் வலது நுனியிலுள்ள ஒரு முனைக்கும் இணைக்க.

5. முதற்குழலின் வலது நுனியில் எஞ்சிய முனையை இரண்டாங் குழலின் வலது நுனியிலுள்ள ஒரு முனையோடு இணைக்க.

6. இரண்டாங் குழலின் வலது நுனியில் எஞ்சிய முனையை இரண்டாம் ஸ்ராட்டரின் ஒரு பக்கத்துக்கும், ஸ்ராட்டரின் மறுபக்கத்தை அக்குழலின் இடது நுனியிலுள்ள ஒரு முனைக்கும் இணைக்க.

7. இரண்டாங் குழலின் இடது நுனியில் எஞ்சிய முனையைச் செருகியின் நொதுமல் கம்பியோடு சேர்க்க.

8. செருகியின் புவிக்கம்பியைச் சோக்கின் உலோக உடலுக்கும், மூடியும் பெட்டிகளும் உலோகமாயின் அவை ஒவ்வொன்றுக்கும் திருகாணியால் இறுகப் பூட்டுக.

புதிய வடங்களில் உயிர்க்கம்பி கபில நிறம், நொதுமல் கம்பி நீல நிறம், புவிக்கம்பி பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். பழைய வடங்களில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகும். கம்பிகளை முறுக்கி நாடா சுற்றி விடுதல் போதாது. இணைப்புக் கட்டையில் இட்டுத் திருகாணியால் இறுக்குக.

நான்கு குழல்கள் வேண்டுவோர், மேலே கூறிய இணைப்பைப் போன்று மற்றொன்றை அமைத்து, இரண்டினையும் ஆளிக்குப் பின் ஒன்றாய்ச் சேர்க்கலாம். அதற்குச் சோக்குகள் இரண்டும் ஸ்ராட்டர்கள் நான்கும் வேண்டும். இரு சோடிகளுக்கும் தனித்தனி ஆளி வைத்தால் வேண்டியபோது பாதி வெளிச்சத்தை மாத்திரம் பயன்படுத்தலாம்.

மின்னணுச் சோக்குகள்

பாரம் குறைந்த மின்னணுச் சோக்குகளும் உண்டு. இவற்றுக்கு ஸ்ராட்டர் வேண்டியதில்லை. ஒளி நடுக்கமும் இராது. ஆனால் இவற்றின் இணைப்பு ஆக்குவோர்க்கு ஆக்குவோர் வேறுபடும். உறையின் மேல் அச்சிட்ட படத்தையே பின்பற்றுக. இரண்டு குழல்களுக்கென ஆக்கியதில் மூன்றினையோ, 18 உவாற்றுக்கென ஆக்கியதில் 36 உவாற்றுக் குழலையோ பூட்டாதீர்கள். பழைய சட்டத்தில் இதனைப் பூட்டும்போது பழைய சோக்கினையும் ஸ்ராட்டர்களையும் முற்றாக நீக்கிவிடுக. எல்.ஈ.டி. குழலைப் பழைய சட்டத்தில் இடுவோரும் அக்குழலோடு வரும் படத்தின்படியே இணைத்தல் வேண்டும். ஒரு வகைக்குரிய இணைப்பு மற்றொரு வகைக்கு ஒவ்வாது.

உயிர்க் காப்பு

கமக்காரர் ஒருவருடைய வீட்டிலே நான் நேரிற் கண்டதை இங்கு கூறுதல் தகும். அவர் தாமே விளக்குப் பூட்டியிருந்தார். விளக்கு நன்றாகவே எரிந்தது. ஒருநாள் ஆளியை நிறுத்திவிட்டு, இறந்த மீனை எடுப்பதற்கு ஒரு கையை நீரில் இட்டு, மறுகையால் தகர மூடியைப் பிடித்தார். உடனே தூக்கி எறியப்பட்டு விழுந்தார். அவருடைய மனைவி ஓடிவந்து செருகியைப் பிடுங்கியதனால் வேறு தீங்கு நேரவில்லை. நான் சென்று பார்த்தபோது இரு பிழைகள் தெரிந்தன. ஆளி உயிர்க்கம்பியில் அல்லாது நொதுமல் கம்பியிற் பூட்டப்பட்டிருந்தது. ஆகவே விளக்கு அணைந்த பின்னும் உள்ளே மின்சாரம் நின்றது. ஈரத்தினாற் பழுதான ஒரு பிடிப்பின் வழியே அது தகர மூடியில் ஏறியிருந்தது. மூடிக்குப் புவிக்கம்பி கொடுக்கப்படவில்லை. விளக்கு எரிவதொன்றே இணைப்புச் சரியென்பதற்குச் சான்றாகாது என்பதை இதனால் அறியலாம்.

ஆகையாற் பின்வருவனவற்றைத் தவறாது செய்க.

1. ஆளி எப்பொழுதும் உயிர்க்கம்பியிலேயே இருத்தல் வேண்டும்.

2. உலோகப் பகுதிகள் யாவும் புவியோடு தொடுக்கப்படல் வேண்டும். இரு முனைச் செருகியை இவ்விளக்குக்குப் பயன்படுத்தல் கூடாது.

3. வீட்டிலே 30 மில்லி அம்பியரிற் தொழிற்படும் ரிப் சுவிச் இருத்தல் வேண்டும். மின்சாரம் வழிதவறி உடலினூடாகவோ நிலத்துக்கோ செல்லின் அது உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க. அழுத்தியும் விழாத ரிப் சுவிச் இருந்தும் இல்லாததே.

4. நீரிற் கை வைக்குமுன் செருகியைக் கழற்றுக. ஆளியை நிறுத்துவது மாத்திரம் போதாது.

5. வடம் செருகிக்குச் செல்லுமுன் சற்றுத் தாழத் தொங்கி மேலே ஏறுமாறு விடுக. வடத்தின் வழியே நீர் வழிந்தாலும் அத்தாழ்விலே சொட்டி விழும், செருகியை அடையாது.

6. சுவரினுள்ளே செல்லும் கம்பிகளிலும் மீற்றர்ப் பெட்டியிலும் கை வையாது, தகுதி பெற்ற மின்வேலையாளரை அழைக்க. நீங்கள் பூட்டிய விளக்கையும் முதன்முறை எரிக்குமுன் அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்க.

பழுதுகளும் காரணங்களும்

இரு குழல்களும் எரியாது, நுனிகளிலும் ஒளி தோன்றாதிருப்பின், உருகியைப் பார்க்க. அது நன்றாயின் ஏதேனும் ஒரு குழலின் இழை அறுந்திருக்கலாம். தொடரிணைப்பில் ஒன்றன் இழை அறுந்தால் இரண்டும் எரியா. நல்ல குழல் ஒன்றை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தாற் பழுதானது தெரியும்.

ஒரு குழல் எரிய, மற்றதன் நுனிகள் மாத்திரம் செந்நிறமாய் ஒளிர்ந்தால், அதன் ஸ்ராட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்க. ஸ்ராட்டரை மாற்றினாற் போதும். குழல் பற்றுவதும் அணைவதுமாய் இருந்து, நுனிகள் கறுத்திருப்பின் குழல் முதுமை அடைந்தது. அதனை அவ்வாறே விட்டால் சோக்கும் ஸ்ராட்டரும் கெடும். இரைச்சல் கேட்டால் சோக்கின் திருகாணிகளை இறுக்குக. கருகிய மணம் வந்தாற் தாமதியாது செருகியைக் கழற்றி, சோக்கினை மாற்றுக.

ஒளியின் அளவும் செலவும்

நீர்ச்செடிகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் ஒளி போதும். இரவிலும் விளக்கை எரிய விட்டால் கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படரும். மீன்களுக்கும் ஓய்வு கிடையாது. குழல்கள் இரண்டும் 36 உவாற்று, சோக் ஏறக்குறைய 9 உவாற்று. ஆக 45 உவாற்று. நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரித்தால் 0.45 அலகு; 30 நாட்களுக்கு 13½ அலகு. மீன், செடி ஆகியவற்றால் வரும் வருவாயைக் கணிக்கும்போது இச்செலவையும் சேர்த்துக் கொள்க.

பழைய குழல்களை வயலில் எறியாதீர்கள்

குழலினுள்ளே இருக்கும் இரசம் நஞ்சாகும். நீர் தேங்கி நிற்கும் வயற்சேற்றிலும் குளத்தின் அடிச்சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது மீனிலும் நெல்மணியிலும் சேரத்தக்கது. யப்பானிலே மினமாட்டா என்னுமிடத்தில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட கொடிய நோய், கடலிற் கலந்த இரச நஞ்சு சேர்ந்த மீனை உண்டதனால் வந்ததே. அவ்வூரின் பெயரால் 2013ஆம் ஆண்டு நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. நேரான குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவர அந்நாடுகள் 2023ஆம் ஆண்டிலே தீர்மானித்தன. ஆகையால் பழைய சட்டங்கள் கெடும்போது எல்.ஈ.டி. விளக்குக்கு மாறுதலே அறிவுடைமையாகும்.

குழல் உடைந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறுவரை அப்புறப்படுத்தி, 15 நிமிடம் அறையை விட்டு வெளியேறுக. பின்னர் துடைப்பத்தாற் கூட்டாது, தடித்த கடதாசியால் துண்டுகளைத் திரட்டி, ஈரத் துணியால் துடைத்து, யாவற்றையும் இறுக மூடும் போத்தலில் இடுக. பழைய குழல்களை உடையாது கட்டிவைத்து, மின்கழிவு சேர்க்கும் இடத்திற் கொடுக்க. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ குப்பைக் குழியிலோ அவற்றை இடுதல் கூடாது.

வயலுக்கு நீர் பாய்ச்சுமுன் வரம்பைச் சுற்றிப் பார்ப்பது கமக்காரரின் வழக்கம். அதேபோல, செருகியை இடுமுன் கம்பி, புவித்தொடுப்பு, ரிப் சுவிச் ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. அதற்குச் செல்லும் நேரம் ஐந்து நிமிடமே. அதனாற் காக்கப்படுவதோ வீட்டாரின் உயிராகும்.